அட்டையில் ‘கிளாசிக்’ என்று இருக்கிறதா? அனிமேஷன் இரண்டாம் பாகத்தைச் சோதிப்பது எப்படி

பள்ளியில் சனிக்கிழமை படம் போடுகிறவர்கள், நூலகத்தில் டிவிடி அலமாரி அடுக்குகிறவர்கள், சிறுவர் திரையிடலுக்குச் சுவரொட்டி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் படம் ஊரறிந்த கிளாசிக். அதன் பெயருக்குப் பின்னால் ‘2’ என்று போட்ட படமும் அதே எழுத்துரு, அதே தங்க நிறம், அதே முகங்களோடு கைக்கு வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். படம் பார்த்த பிள்ளை, “இதுல அந்த மாதிரி இல்லையே” என்று சொல்லும்போதுதான் உறைக்கிறது.

அப்பா சம்பாதித்த நிலத்தைப் பிள்ளைக்குப் பட்டா மாற்றலாம், அவர் சம்பாதித்த நற்பெயரை மாற்ற முடியாது. ‘கிளாசிக்’ என்ற சொல்லை ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்த இரண்டாம் பாகங்கள் உண்டு, ஆனால் சில. எது எது என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். முதல் படம், இரண்டாம் படம், ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தக்கூடிய ஒரு பிளேயர், ஒரு நோட்டு, கைப்பேசியில் ஒரு டைமர், இவ்வளவுதான் தேவை. இரண்டு படங்களுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம், நிறுத்தி நிறுத்திப் பார்க்க இன்னும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

உதாரணங்கள் பெரும்பாலும் டிஸ்னி படங்கள். இரண்டாம் பாகத்தை வரிசையாக உற்பத்தி செய்ததும், ‘கிளாசிக்’ என்ற சொல்லைச் சரக்கின் பெயராகவே மாற்றியதும் அந்த நிறுவனம்தான் என்பதால் பாடம் அங்கே தெளிவாக இருக்கிறது.

முதலில் அட்டை

அட்டையில் உள்ள பெருமைச் சொற்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது பதிப்பின் பெயரா, படத்தைப் பற்றிய தீர்ப்பா?’ என்று குறியுங்கள். ஏறக்குறைய எல்லாமே பதிப்பின் பெயராகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 1984-இல் ‘வால்ட் டிஸ்னி கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் வீடியோ கேசட் வரிசை தொடங்கியது. அட்டையின் முதுகில் கறுப்பு வைரச் சின்னம் இருந்ததால் சேகரிப்பாளர்கள் அதை ‘பிளாக் டைமண்ட்’ என்கிறார்கள். 1994-இல் ‘மாஸ்டர்பீஸ் கலெக்‌ஷன்’, 2000-இல் ‘கோல்ட் கிளாசிக் கலெக்‌ஷன்’, 2001-இல் ‘பிளாட்டினம்’, 2009-இல் ‘டைமண்ட்’, 2016-இல் ‘சிக்னேச்சர்’ என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. படம் அதேதான். நகைக்கடை அலமாரி மாதிரி உலோகமும் கல்லும் மட்டும் மாறின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ 1990 நவம்பரில் திரைக்கு வந்த இரண்டாம் பாகம். மறு வருடமே அது ‘கிளாசிக்ஸ்’ வரிசையில் கேசட்டாக வந்துவிட்டது. ஒரு வயது நிறையாத படத்துக்குக் கிளாசிக் என்று பெயர். அந்த இடத்தில் ‘கிளாசிக்’ என்றால் ‘எங்கள் தலைமை ஸ்டுடியோ எடுத்தது’ என்று மட்டுமே பொருள்.

தலைமை ஸ்டுடியோவின் படங்களுக்கு ஒரு வரிசை எண் உண்டு. 1937-இல் வந்த ‘ஸ்னோ வைட்’ 1, மேலே சொன்ன படம் 29. இந்த எண்ணைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கப் பட்டியலில் 2000-இல் வந்த ‘டைனோசர்’ 39-ஆவது படம். ஐரோப்பாவின் சில பட்டியல்களில் அதைக் காணோம், பதிலாக வெளி ஸ்டுடியோ ஒன்று எடுத்த ‘தி வைல்ட்’ இருக்கிறது. விற்பனைப் பிரிவு சேர்க்கவும் நீக்கவும் முடிகிற எண் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும், எப்படிப்பட்ட பிள்ளை என்று சொல்லாது.

பிறந்த கதையை விசாரியுங்கள்

அடுத்து நான்கு கேள்விகள். எந்த ஸ்டுடியோ வரைந்தது? முதலில் எங்கே வெளியானது, திரையரங்கிலா, நேராகக் கேசட்டிலா? முதலில் என்னவாகத் திட்டமிட்டார்கள்? முதல் படத்தில் வேலை செய்தவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? முதல் மூன்றுக்கும் படத்தின் பெயர்ப்பட்டியலும் நம்பகமான ஒரு திரைப்படக் களஞ்சியமும் போதும். நான்காவதுக்கு இரண்டு படங்களின் பெயர்ப்பட்டியலையும் அருகருகே வைத்து இயக்குநர், கதைப் பிரிவின் தலைவர், இசையமைப்பாளர், முக்கியக் குரல்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொறுப்பான அனிமேட்டர் என்று ஐந்து இடங்களை ஒப்பிடுங்கள்.

1994 மே மாதம் வந்த, ‘அலாதீன்’ படத்தின் தொடர்ச்சியான ‘தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ டிஸ்னி நேராகக் கேசட்டில் வெளியிட்ட முதல் அனிமேஷன் இரண்டாம் பாகம். எடுத்தது தொலைக்காட்சிப் பிரிவு. அதே வருடம் தொடங்கவிருந்த ‘அலாதீன்’ தொலைக்காட்சித் தொடருக்கு முன்னோட்டமாகத் திட்டமிடப்பட்ட கதை. பூதத்துக்கு ராபின் வில்லியம்ஸ் குரல் இல்லை, டான் காஸ்டலனெட்டா பேசினார். முதல் படத்துக்கு ஆன செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. ஆனாலும் 1 கோடிக்கு மேல் கேசட்டுகள் விற்றன. அந்த ஒரு கணக்குதான் அடுத்த 14 வருடங்களுக்கு வழி திறந்தது. ‘லயன் கிங்’, ‘லிட்டில் மெர்மெய்ட்’, ‘சிண்ட்ரெல்லா’, ‘பாம்பி’, ‘மூலான்’, ‘டார்சான்’ என்று ஒவ்வொன்றுக்கும் பின்தொடர்ச்சி வந்தது. 2003-இல் ‘டிஸ்னிடூன் ஸ்டுடியோஸ்’ என்று பெயர் பெற்ற பிரிவுதான் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கவனித்தது. 2006-இல் டிஸ்னி, ‘டாய் ஸ்டோரி’ எடுத்த பிக்சார் நிறுவனத்தை வாங்கியபின் அனிமேஷன் பொறுப்பு எட் கேட்மலிடமும் ஜான் லாசெட்டரிடமும் வந்தது. மறுவருடம் இந்த வகைத் தொடர்ச்சிகள் நிறுத்தப்பட்டன. 2008-இல் வந்த, ‘லிட்டில் மெர்மெய்ட்’ நாயகி ஏரியலின் முன்கதைதான் கடைசி.

இங்கே பலரும் செய்யும் தவறு, ஸ்டுடியோ பெயரைப் பார்த்த உடனே தீர்ப்பு எழுதிவிடுவது. சிட்னியிலும் டோக்கியோவிலும் இந்தப் படங்களை வரைந்தவர்கள் கைத்திறன் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த நாள்களும் பணமும்தான் குறைவு. பெயர்ப்பட்டியலில் வெளிநாட்டு ஸ்டுடியோ இருப்பதைக் குறையாக எழுதாதீர்கள். எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்பது தெரிந்தால் அதை எழுதுங்கள்.

பிறப்பை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு ‘டாய் ஸ்டோரி 2’ போதும். அதுவும் நேராகக் கேசட்டுக்கு என்று தொடங்கிய படம்தான். 1998-இல் திரையரங்கப் படமாக மாற்றினார்கள். அதற்குப் பிறகும் கதை தேறவில்லை என்று உணர்ந்து, 1999 நவம்பர் வெளியீட்டுக்கு ஏறக்குறைய 9 மாதம் இருக்கும்போது பெரும்பகுதியைத் திருப்பி எழுதி, திருப்பி எடுத்தார்கள். அந்த 9 மாதத்தில் கை மணிக்கட்டு கெட்டு அவதிப்பட்ட கலைஞர்கள் உண்டு. அந்த விலையை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. கேசட்டுக்குப் போதும் என்று விட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும் படம் வேறு.

இன்றைக்குக் கேசட்டின் இடத்தில் ஓடிடி இருக்கிறது. ‘மோவானா 2’ டிஸ்னி பிளஸ் தொடராகத் திட்டமிடப்பட்டது. 2024 பிப்ரவரியில் திரைப்படம் என்று அறிவித்து, அதே வருடம் நவம்பரில் வெளியிட்டார்கள். வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. பிறப்புக் கேள்விக்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவே. மற்றச் சோதனைகளுக்கும் அந்தப் படத்தை உட்கார வையுங்கள்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குரல் ஒப்பீட்டை மூல மொழியில்தான் செய்ய வேண்டும். ‘ஃப்ரோசன் 2’ தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் பேசினார். விளம்பரத்துக்கு அது நல்ல செய்திதான், ஆனால் மூலக் குழு திரும்பி வந்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

கண்ணால் சோதிக்கும் முறை

இதற்கு அவசரப்படாதீர்கள். நேரம் அதிகம் தின்னும் பகுதி இது, பலனும் அதிகம்.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள். இப்போதைய டிவிகளில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று உண்டு. அது இரண்டு ஓவியங்களுக்கு நடுவே இல்லாத ஓவியத்தைத் தானே செய்து செருகிவிடும். அதை அணைக்காமல் சோதித்தால் உங்கள் எண்ணிக்கை மொத்தமும் பொய். முடிந்தவரை கணினியில் பாருங்கள். வி.எல்.சி. பிளேயரில் ‘E’ என்ற ஆங்கில எழுத்து விசை ஒரு ஃப்ரேம் முன்னால் நகர்த்தும். யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் முன்னால், காற்புள்ளி விசையை அழுத்தினால் பின்னால் போகும். டிவிடியிலும் இரண்டு சிக்கல் உண்டு. அமெரிக்க வகை டிவிடியில் வினாடிக்கு 24 ஃப்ரேமை 30-க்குப் பொருத்துவதற்காகச் சில ஃப்ரேம்கள் கலந்தும் இரட்டித்தும் தெரியும், அவற்றை எண்ணாமல் தாண்டுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் ‘பால்’ (PAL) வகை டிவிடியில் படம் 25 ஃப்ரேம் வேகத்தில் ஓடும், அதனால் 77 நிமிடப் படம் 74 நிமிடத்தில் முடியும். நீளம் குறைந்ததைப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது இரண்டு படத்திலும் ஒரே வகையான மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் நடந்து வருவது, இருவர் நின்று பேசுவது, கூட்டம். ஒவ்வொன்றிலும் சரியாக 2 வினாடி, அதாவது 48 ஃப்ரேம். ஃப்ரேமை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஓவியம் எத்தனை முறை மாறுகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

48 மாற்றம் வந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி ஓவியம். 24 வந்தால் ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தியிருக்கிறார்கள். இது குறை இல்லை. கையால் வரைந்த மிகச் சிறந்த படங்களிலேயே பெரும்பகுதி இப்படித்தான். வேகமான அசைவுக்கும் கேமரா நகரும் இடத்துக்கும் மட்டும் ஃப்ரேமுக்கு ஒன்றாக மாறுவார்கள். எண்ணிக்கை 16, 12 என்று இறங்கி, அதுவும் நடக்கும் காட்சியிலேயே இறங்கினால் அங்கே கைச்செலவைக் குறைத்திருக்கிறார்கள். பேசும் காட்சியில் இன்னும் நன்றாகத் தெரியும்: தலை, தோள், கை எல்லாம் சிலையாக நிற்க வாய் மட்டும் அசையும். முதல் படத்தில் அதே பாத்திரம் பேசும்போது புருவம் முந்திக்கொண்டு அசையும், மூச்சு தோளில் தெரியும், சொல் முடிந்தபின் கை கொஞ்சம் தாமதமாக அடங்கும். அந்தத் தாமதம்தான் உடம்புக்குக் கனம் கொடுக்கிறது. அது இல்லாத உருவம் அட்டைப்பொம்மை போலச் சறுக்கும்.

எண்ணிக்கை முடிந்ததும் படத்தை நிறுத்தி இவற்றைப் பாருங்கள். பாத்திரத்தின் உடம்பில் நிழல் உண்டா, அந்த நிழல் வெளிச்சம் வரும் திசைக்கு ஏற்ப மாறுகிறதா? காலுக்குக் கீழே தரையில் நிழல் விழுகிறதா? கூட்டத்தில் பின்வரிசைக்காரர்கள் அசைகிறார்களா, வர்ணம் பூசிய பின்னணியோடு ஒட்டிக் கிடக்கிறார்களா? ஒரே அறை ஒரே கோணத்தில் எத்தனை முறை திரும்பி வருகிறது? ஒரே முகம் கிட்டக் காட்சியில் ஒரு மாதிரியும் தூரக் காட்சியில் வேறு மாதிரியும் இருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். பல ஸ்டுடியோக்களுக்குக் காட்சிகளைப் பிரித்துக் கொடுத்து, ஒரே கண் சரிபார்க்க நேரம் இல்லாமல் போகும்போதுதான் மூக்கின் நீளமும் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் காட்சிக்குக் காட்சி மாறும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் வேண்டும் என்றால் ‘ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பூவெளியின் மேல் கேமரா தரையை உரசியபடி பாய்ந்து போகும். செல்லுலாய்டு தாளில் வர்ணம் பூசாமல், பிக்சாரோடு சேர்ந்து உருவாக்கிய கணினி முறையில் முழுக்க முழுக்க வண்ணமிட்டுத் தொகுத்த முதல் டிஸ்னி படம் அது. பிறகு சிறுவனும் கழுகும் பறக்கும் காட்சி. கழுகை வடித்தவர் க்ளென் கீன். அதன் ஒவ்வொரு இறகடிப்பிலும் காற்றின் எதிர்ப்பு தெரிகிறது. இரண்டாம் பாகம் என்பதற்காகக் கையைக் குறைத்துக்கொள்ளாத வேலை எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஐந்து நிமிடம் போதுமான பாடம். கதை இடையில் தொய்கிறது, வில்லனுக்கும் சிறுவனுக்கும் கிடைத்த நேரம் கதாநாயகர்களான எலிகளுக்குக் கிடைக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரையின் அகலத்தை வைத்து முடிவு செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. 4க்கு 3 என்ற சதுரத்துக்கு நெருக்கமான சட்டம் 1990-களின் இரண்டாம் பாகத்தில் இருந்தால், தொலைக்காட்சிப் பெட்டிக்காகவே சட்டமிட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் ‘ஸ்னோ வைட்’, ‘பாம்பி’ எல்லாமே ஏறக்குறைய அந்த வடிவம்தான், அக்காலத் திரையரங்கே அப்படி. மறுபக்கம், 2000-க்குப் பிறகு கேசட்டுக்காகவும் டிவிடிக்காகவும் எடுத்தவை அகலத் திரையில் வந்தன. எனவே வருடத்தோடு சேர்த்துத்தான் வடிவத்தைப் படிக்க வேண்டும்.

கதைக்கு மூன்று சோதனைகள்

ஒன்று, டைமர் சோதனை. படம் ஓடும்போது, சிக்கல் முழுசாகத் தீர்ந்து எல்லாரும் சிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிமிடத்தைக் குறியுங்கள். 22, 44, 66 என்று வந்தால் காரணம் வெளிப்படை: அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். 2003-இல் வந்த ‘அட்லாண்டிஸ்: மைலோஸ் ரிட்டர்ன்’, கைவிடப்பட்ட ஒரு தொடரின் மூன்று அத்தியாயங்களைத் தைத்துச் செய்தது. ‘சிண்ட்ரெல்லா 2’ (2002) மூன்று தனிக்கதைகள். அவற்றுக்குள் நல்ல அத்தியாயம் இருக்கலாம். ஆனால் அத்தியாயங்களின் தொகுப்பைத் திரைப்பட கிளாசிக் என்று விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

இரண்டு, பெயர் நீக்கும் சோதனை. இரண்டு படத்தின் கதையையும் ஐந்தைந்து வரியில், பெயர்கள் இல்லாமல் எழுதுங்கள். ‘வீட்டில் தடை. தடையை மீறிப் பிள்ளை போகிறது. வில்லி ஆசை காட்டுகிறாள். பெற்றவர் மனம் மாறுகிறார்.’ ஏரியலின் கதை இது, அவள் மகள் மெலடியின் கதையும் இதுவே. கடல் போய்க் கரை வந்தது, உர்சுலா போய் அவள் தங்கை மோர்கானா வந்தாள். வில்லனுக்குத் திடீரென்று உடன்பிறப்பு முளைத்தால் அங்கே உஷாராகுங்கள்.

கண்ணாடிப் பிம்பமாக இருப்பது தன்னளவில் குற்றமில்லை. முதல் ‘லயன் கிங்’ ஹாம்லெட்டின் சாயல் கொண்டது. 1998-இல் வந்த இரண்டாவது ரோமியோ ஜூலியட் பக்கம் திரும்பி, சிம்பாவின் மகளையும் ஒதுக்கப்பட்ட கூட்டத்துப் பிள்ளையையும் வைத்துப் புதிய சண்டையை உண்டாக்கிற்று. ஓவியத்தில் முதல் படத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும், கதையில் அதற்கென்று ஒரு காரணம் இருக்கிறது.

மூன்றாவதும் கடினமானதும் இதுதான்: முதல் படம் முடியும்போது பாத்திரம் எதைக் கற்றுக்கொண்டதோ, அதை இரண்டாம் படம் காப்பாற்றுகிறதா, பிடுங்குகிறதா? ‘மூலான் 2’-இல் அவளுக்குத் துணையாக வரும் குட்டி டிராகன் முஷு, தன் பீடம் பறிபோய்விடுமே என்று மூலானின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்க்கிறது. முதல் படத்தில் அது பெற்ற வளர்ச்சி மொத்தமும் வீண். ‘போகாஹான்டஸ் 2’-இல் பலருக்கு வருத்தம், முதல் படத்துக் காதலனை விட்டு அவள் ஜான் ரோல்ஃபோடு போகிறாளே என்று. உண்மையில் வாழ்ந்த போகாஹான்டஸ் 1614-இல் மணந்தது ரோல்ஃபைத்தான், அந்த அளவில் படம் வரலாற்றுக்கு நெருங்குகிறது. ஆனால் ஊர் திரும்பக் கப்பலேறிய அவள் 1617-இல் இங்கிலாந்தின் கிரேவ்செண்டிலேயே இறந்துபோனாள். படமோ அவளை மகிழ்ச்சியாகக் கப்பலில் அனுப்பிவைக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள் இதை அறிந்து காட்டுவது நல்லது.

தேறிய பக்கத்திலும் சொல்ல இருக்கிறது. ‘பாம்பி 2’ முதல் படத்துக்கு 60 வருடத்துக்கும் மேல் கழித்து, 2006-இல் வந்தது. முதல் படத்தில் மான்குட்டி பாம்பியின் தாய் இறந்ததும் தந்தை வந்து அழைத்துப் போகிறது, அடுத்த காட்சியில் வசந்தம், பாம்பி வளர்ந்து நிற்கிறது. நடுவில் அந்தப் பனிக்காலத்தில் தாயில்லாக் குட்டியும் பேசத் தெரியாத தந்தையும் எப்படி வாழ்ந்தார்கள்? அந்த இடைவெளியில்தான் இரண்டாம் பாகம் உட்காருகிறது. பழைய கதையில் காலியாக இருந்த அறையைக் கண்டுபிடித்துக் குடியேறிய படம். ‘சிண்ட்ரெல்லா 3’ (2007) இன்னொரு வகை. சித்தி மந்திரக்கோலைப் பறித்துக் காலத்தையே திருப்பிவிடுகிறாள். தேவதையின் உதவி இல்லாமல் சிண்ட்ரெல்லா தன் காலில் நின்று வெல்ல வேண்டும். தேவதை இல்லையென்றால் அவளால் முடியுமா என்று முதல் படத்தைப் பற்றி நெடுநாளாக இருந்த கேள்விக்கு இது நேரான பதில். தரக்குறைவு என்று ஒதுக்கிய வரிசையிலிருந்து இப்படி ஒன்று வந்ததால்தான் சோதனையை யாருக்கும் விதிவிலக்கில்லாமல் செய்யச் சொல்கிறோம்.

‘டாய் ஸ்டோரி 2’ இந்த மூன்றாவது சோதனையில் முழு மதிப்பெண் பெறுகிறது. முதல் படத்தில் கவ்பாய் பொம்மை வுடி கற்றுக்கொண்டது, அன்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது. இரண்டாவது அதற்கு மேலே போய், அந்த அன்பு ஒருநாள் முடிந்துபோகும் என்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறது. ஒரு பக்கம் டோக்கியோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சாகாவரம், மறு பக்கம் வளர்ந்து மறந்துவிடப்போகிற ஒரு பையன். கைவிடப்பட்ட பொம்மை ஜெஸ்ஸியின் கதையை ராண்டி நியூமன் எழுதிய ஒரே பாட்டில் சொல்லி முடிக்கிறார்கள். முதல் படம் இல்லாமல் இந்தக் கேள்வி பிறக்காது, முதல் படத்தில் இந்தக் கேள்வி இல்லை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கும்போது அந்த இரண்டாம் பாகத்துக்குத் தனி வாழ்வு இருக்கிறது.

காலத்தை எப்படி அளப்பது

வெளியான வருடத்து வசூலைக் கணக்கில் எடுக்காதீர்கள், எந்தப் பக்கமும். ‘பினோக்கியோ’வும் ‘ஃபேன்டேசியா’வும் 1940-இல் போர்க்காலத்தில் நட்டமடைந்தவை. ‘ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ வெளியான அதே நாளில் ‘ஹோம் அலோன்’ வந்தது. முதல் வார இறுதிக்குப் பிறகு தொலைக்காட்சி விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்கள், வட அமெரிக்காவில் சுமார் 2.8 கோடி டாலரோடு படம் அடங்கிப்போனது.

பழைய படங்கள் கிளாசிக் ஆன விதம் வேறு. ‘ஸ்னோ வைட்’ 1944, 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று திரும்பத் திரும்பத் திரையரங்குக்கு வந்தது. பார்த்த பிள்ளை தாயாகித் தன் பிள்ளையைக் கூட்டிப்போனாள். நேராகக் கேசட்டில் வந்த படத்துக்கு இந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அதனால் அதற்கு வேறு அளவு வேண்டும். குறைந்தபட்சம் 10 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஒரு படம் நுழையவும் அதுதான் குறைந்தபட்ச வயது. 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ தகுதி வந்த வருடமான 2005-இலேயே நுழைந்தது. 10 வருடம் ஆன இரண்டாம் பாகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் படம் மறந்துபோனவர்கூட இதை நினைவு வைத்திருக்கிறாரா? முதல் படத்தோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக இதைத் தேடி வருகிறவர் உண்டா?

சுவரொட்டியில் என்ன எழுதுவது

சோதனையில் தேறாத படத்தைத் திரையிடக் கூடாது என்றில்லை. சொல்லை மட்டும் சரியாகப் போடுங்கள். தமிழில் ஒரு உருபு எல்லாவற்றையும் மாற்றிவிடும். ‘கிளாசிக் இரண்டாம் பாகம்’ என்றால் இரண்டாம் பாகமே கிளாசிக். ‘கிளாசிக் படத்தின் இரண்டாம் பாகம்’ என்றால் பெருமை முதல் படத்துக்கு. பின்னது உண்மை, விளம்பரத்துக்கும் போதும். ‘காவியம்’, ‘காலத்தால் அழியாத’ என்பவற்றை 10 வருடம் ஆகாத எந்தப் படத்துக்கும் எழுதாதீர்கள். ‘செவ்வியல்’ என்ற சொல் சங்க இலக்கியத்தைச் சுட்டப் பழகிவிட்டது, கார்ட்டூன் படத்துக்குப் போட்டால் படிக்கிறவர் குழம்புவார்.

இரண்டையும் ஒரே நாளில் போடுவதாக இருந்தால் நடுவில் முழு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பத்து நிமிடத்தில் அடுத்ததைத் தொடங்கினால் ஓவியத்தின் இறக்கம் கண்ணை உறுத்தும், ‘பாம்பி 2’ போன்ற நல்ல படம்கூட அடிபடும்.

அலமாரியில் வைக்கும் சீட்டில் நான்கே தகவல்: வெளியான வருடம், வரைந்த ஸ்டுடியோ, முதலில் வந்தது திரையரங்கிலா வீட்டிலா, சோதித்த தேதி. பென்சிலால் எழுதுங்கள். 10 வருடம் ஆகாத படமாக இருந்தால் மூலையில் மறுசோதனை வருடத்தையும் குறியுங்கள். ‘மோவானா 2’ சீட்டில் அது 2034.